மாட்டேன் என்பதற்கு எத்தனை பெயர்

“சாமி, ஆவுடையப்பன் சண்டித்தனம் பண்ணுதான். உலை வைக்க மாட்டானாம்!”

சமையற்கட்டிலிருந்து ஓடி வந்த தாண்டவராயனுக்கு மூச்சு வாங்கியது. மடத்தின் மூத்த சீடன் அவன். இன்று குருபூசை. மிராசுதார் கொடுத்த அரிசியில் ஊருக்கே சாப்பாடு. மிராசுதாரும் வருகிறார்.

“ஏனாம்?” என்றார் சாமி.

“கீழத்தெரு ஆளுக, மிராசுதார் வீட்டுல கூலியில்லாம வேலை செய்ய மாட்டோம்னுட்டாவ. அவரு அவுக குளத்துக்குத் தண்ணி வார மடையை அடைச்சுட்டாரு. குளம் வத்திப்போச்சு. பிள்ளைக சேத்துத் தண்ணியைக் குடிக்குதாம். மடை திறக்கிற வரைக்கும் அந்த அரிசியைத் தொட மாட்டேங்கான். சமையல்காரனுக்கு என்ன கொழுப்பு, சாமி!”

வாங்கித் தின்கிற மடத்துக்கு வாய் ஏது என்பது தாண்டவராயன் கட்சி.

சாமி கேட்டார்.

“வண்டி மாடு நடுவழியில் படுத்துக்கொண்டால்?”

“சண்டித்தனம்.”

“பிள்ளை சோறு வேண்டாமென்றால்?”

“அடம்.”

“மருமகள் சொன்ன வேலையைச் செய்யாவிட்டால்?”

“திமிரு, சாமி. வேறென்ன?”

“மிராசுதார் மடையைத் திறக்காவிட்டால்?”

தாண்டவராயன் தலையைச் சொறிந்தான்.

“அது... அவரு இஷ்டம்.”

“நான் சாப்பிடாவிட்டால்?”

“உபவாசம், சாமி!” கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“சரி. நீயே போய் உலை வை.”

வைத்தான். ஆத்திரத்தில் ஆக்கியதால் சோறு குழைந்துபோயிற்று. ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான். “இன்னையோட உனக்கு மடத்துல வேலை இல்லை, போடா!” என்று தாண்டவராயன் கத்தினான். அதற்கும் அவன் நகரவில்லை.

மதியம் பந்தி போட்டார்கள். மிராசுதார் சாமிக்கு எதிரே உட்கார்ந்தார். சாமி முதல் கவளம் எடுக்காமல் வேறு யாரும் இலையில் கை வைக்கக் கூடாது. அது மடத்து வழக்கம்.

தாண்டவராயன் சோற்றோடு வந்து குனிந்தான்.

சாமி தன் வெற்று இலையை மடித்தார்.

பந்தி முழுக்கக் கைகள் அப்படியே நின்றன. எங்கோ ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழுதது. மிராசுதார் பதறிப்போய்க் கும்பிட்டார்.

“சாமிக்கு இன்னைக்கு உபவாசமோ? தெரியாமப் போச்சே!”

சாமி அவரை நேராகப் பார்த்தார்.

“உபவாசம் இல்லை. சண்டித்தனம்.”