மூன்றாவது பெண்ணின் முகம்

லிடியாவுக்கு நாற்பது வயது. அவளிடம் கண்ணாடி வேலை கற்க வந்த வேதமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. சிஷ்யர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் குரு பாதி வேலையை முடித்துவிடுவாள் என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும். வேறு வேலை இல்லாதவர்கள்.

ஊரிலிருந்த பழைய ஆலயத்தின் கிழக்கு ஜன்னலில் வர்ணக் கண்ணாடியால் ஆன படம் ஒன்று இருந்தது. விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்கு வந்த மூன்று பெண்கள். மூன்றாவது பெண்ணின் முகம் எந்தக் காலத்திலோ புயலில் உடைந்துபோக, அந்த ஓட்டையில் தகரம் அடித்திருந்தார்கள். ஜன்னலைச் செப்பனிட வந்த லிடியா தகரத்தைக் கழற்றினாள். பக்கத்து நிறத்துக்கு ஒத்துப்போகிற வெறும் கண்ணாடி ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி வைத்தாள்.

"முகம் வரையலியா லிடியாம்மா?"

"அது எப்படி இருந்துதுன்னு ஒரு படமும் இல்ல அண்ணாச்சி. தெரியாததை வரையக் கூடாது. எங்க வேலையில அப்படித்தான்."

"எனக்கு ஒரு முகம் தெரியும்."

வேதமணி கடைப் பலகைகளும் சினிமாத் தட்டிகளும் எழுதியே ஆயுசைக் கழித்தவர். முகம் வரைய அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன கிறிஸ்மஸுக்கு முன்னால் அவர் மனைவி ஜெபக்கனி இறந்துபோனாள். உயிரோடு இருந்தவரை போட்டோவுக்கு நிற்கவே மாட்டாள். கல்யாணப் போட்டோவில் தலை குனிந்திருந்தாள். ரேஷன் கார்டில் இருப்பது அவள்தான் என்று சத்தியம் பண்ணினால்தான் நம்ப முடியும்.

"எனக்கு அவ முகம் மறந்துக்கிட்டே வருதும்மா. முழுசா மறக்கிறதுக்குள்ள எங்கேயாவது வச்சிரணும்."

லிடியா கண்ணாடி வர்ணத்தைக் குழைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"வரைங்க. போதகர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா ஒண்ணு. சூளையில வச்சுச் சுட்டாத்தான் இந்த வர்ணம் பிடிக்கும். அதுவரைக்கும் ஈரத்துணி பட்டாலே போயிரும். சனிக்கிழமை சூளை போடுதேன். அதுவரை சுடாமலே ஜன்னல்ல மெழுகு வச்சு ஒட்டிப் பாருங்க. சரின்னு பட்டா நானே சுட்டுத் தாரேன்."

"சுட்டா எத்தனை காலம் இருக்கும்?"

"நாம யாரும் இல்லாத காலம் வரைக்கும்."

வேதமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அது போதும் என்றார்.

முதலில் மூக்கு வந்தது. வாய் வரவில்லை. ஜெபக்கனி கோபத்தில் இருக்கிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்பது சேர்ந்து வாழ்ந்த காலத்திலேயே அவருக்குப் பிடிபட்டதில்லை. வரைந்தார், ஏணி ஏறி ஒட்டினார், இறங்கி வந்து பார்த்தார், கழற்றித் துடைத்தார். அடேயப்பா, கோயில் பெஞ்சுகளுக்கே அலுத்துப்போயிருக்கும். மனுஷனுக்கு அலுக்கவில்லை.

மத்தியானம் ஜன்னலுக்கு அடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். "உப்பு கூடிப்போச்சு, பாத்தியா?" என்று மேலே பார்த்துச் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குப் போக அவருக்கு மனமே வராது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அதைக் கழுவி எத்தனை நேரத்தை ஓட்ட முடியும்? அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கும்.

வெள்ளிக்கிழமை முகம் வந்துவிட்டது. வாயும் கண்ணும் அமைந்து, ஜெபக்கனியேதான். லிடியாவும் அண்ணாந்து பார்த்து, "நல்லா இருக்காங்க அண்ணாச்சி" என்றாள்.

மறுநாள் காலையில் கண்ணாடியை இறக்கி மேசைமேல் வைத்தார்கள். லிடியா சூளையின் கதவைத் திறந்தாள். வேதமணி கண்ணாடியை எடுத்துக் கொடுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"நேத்து படுத்து கண்ணை மூடினேன். எப்பவும் மங்கலாத்தான் வருவா. தலை துவட்டிக்கிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு, எதுக்காவது என்னைத் திட்டிக்கிட்டு வருவா. நேத்து இந்தக் கண்ணாடிதான் வந்துது. இது மட்டும்தான் வந்துது. நானா போட்ட வாயி, நானா போட்ட கண்ணு. அசையவே மாட்டேங்குதும்மா."

அவர் அழுதார். லிடியா தடுக்கவில்லை.

"சுட்டா இதுதான் நிலைக்கும். தொடச்சா இதுவும் போயிரும். நான் என்னம்மா செய்ய?"

லிடியா துணியை நனைத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். சூளையின் கதவையும் மூடாமல் விட்டாள். அவர் நெடுநேரம் இரண்டையும் பார்த்துவிட்டுத் துணியை எடுத்தார். கை பாதியில் நின்றுவிட்டது.

"தொடச்சிட்டா அந்த இடத்துல யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டாங்க."

"வாரவங்க கேப்பாங்களே, இந்தப் பொம்பளைக்கு முகம் எங்கேன்னு."

"கேக்கட்டும் அண்ணாச்சி. வெறும் கண்ணாடியா இருந்தா, இங்க ஒரு ஆள் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும். நீங்க வரைஞ்சதைப் பாத்தா, எல்லாரும் இருக்காங்கன்னு நெனச்சிக்கிட்டுப் போயிருவாங்க."

வேதமணி கண்ணாடியில் இருந்த முகத்தை, நெற்றியிலிருந்து தொடங்கி, மெதுவாகத் துடைத்தார்.