காத்தாயியின் இரண்டு கன்னக் கடலை

ஒரு காட்டில் காத்தாயி என்றொரு மந்தி இருந்தாள். மந்தி என்றால் பெண் குரங்கு. செலவு என்று காதில் விழுந்தாலே அவளுக்குக் கை கால் உதறும்.

ஒருநாள் காக்கை வந்து சொன்னது: "காத்தாயி, அக்கரையில் உன் மகளுக்குக் குட்டி பிறந்திருக்கிறது. போய்ப் பார்ப்பதானால் இப்போதே கிளம்பு. மழை இறங்கிவிட்டால் ஆறு பெருகிவிடும். அப்புறம் தை பிறந்தால்தான் கடக்க முடியும்."

முதல் பேரக்குட்டி! காத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குள் மயில் மூக்கை நீட்டியது. "நான் ஒரு கூட்டத்தை அக்கரைக்கு அழைத்துப் போகிறேன். முயல் குடும்பம் சேர்ந்தாயிற்று, மான்களும் சேர்ந்தாயிற்று. வழியில் அருவி, மலையுச்சி, நடுநடுவே என் நடனம். எல்லாம் சேர்த்து முப்பது கடலைதான்."

"உன் நடனத்தை இங்கேயே சும்மா பார்த்துக்கொள்கிறேன்," என்றாள் காத்தாயி. "என் பயணத்துக்கு நானே திட்டம் போட்டுக்கொள்கிறேன்."

போட்டாள். நன்றாகவே போட்டாள், குறை சொல்ல முடியாது. அந்தக் காட்டில் கூலி எல்லாம் நிலக்கடலையில்தான். பொட்டலைத் தாண்ட எருமைக்கு மூன்று, ஆற்றைத் தாண்ட ஆமைக்கு நான்கு, வழியில் பசித்தால் இரண்டு. இவ்வளவும் வலது கன்னத்தில். திரும்பி வருவதற்கு இதே அளவு இடது கன்னத்தில். குரங்குக்குக் கன்னத்துக்குள்ளேயே பை உண்டே, தனியாக மூட்டை எதற்கு?

ஆனால் அந்தப் பையில் ஒரு சங்கடம் இருந்தது. பேசினால் நாக்கு புரளும். நாக்கு புரண்டால் ஒரு கடலை உருண்டு பல்லுக்கு வந்துவிடும். பல்லுக்கு வந்த கடலையைக் கடிக்காமல் விட்ட குரங்கு இன்னும் பிறக்கவில்லை. அதனால் பயணம் போகிற குரங்குகள் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போய்க்கொண்டே இருக்கும். காத்தாயிக்கும் இது தெரியும்.

பொட்டலில் எருமை படுத்துக் கிடந்தது.

"மூன்று," என்றது.

காத்தாயி எடுக்கப் போனாள். கை வரவில்லை. கேட்டதை அப்படியே கொடுப்பதா?

"மூன்றா? பகல் கொள்ளையாக இருக்கிறதே!" மொறுக்.

எருமை காதை ஆட்டியது.

"உன் முதுகில் எத்தனை உண்ணி! வழியெல்லாம் நான் பொறுக்கிக்கொண்டே வருவேன். அதற்கு நீ என்ன தருவாய்?" மொறுக். "நியாயமாக ஒரு விலை சொல்!" மொறுக்.

"இரண்டு கொடு. காதுக்குப் பக்கத்தில் கத்தாதே," என்றது எருமை.

ஒரு கடலை மிச்சம்! அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எருமை மேல் உட்கார்ந்துகொண்டு எதிரே வந்த உடும்பு, ஓணான், கீரி, கௌதாரி எல்லாரிடமும் சொன்னாள். "மூன்று கேட்டது, இரண்டுக்கு முடித்தேன்!" ஒவ்வொரு முறையும் மொறுக்.

ஆற்றங்கரையில் இறங்கியபோது வலது கன்னம் காலியாகித் தொங்கிப்போயிருந்தது. "எங்கே போய்விட்டது? என் வயிற்றில்தானே இருக்கிறது," என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆமைக்கு இடது கன்னத்திலிருந்து கொடுத்துவிடலாம். திரும்பும்போது மகள் ஏதாவது கொடுத்தனுப்பாமலா போய்விடுவாள்?

அக்கரை மருத மரத்தில் மகள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மலைமேல் கருமேகம் கூடியிருந்தது.

"நான்கு," என்றது ஆமை. "சீக்கிரம் ஏறம்மா. மலையில் மழை பிடித்துவிட்டது."

ஆமையே சீக்கிரம் என்றது. அப்போதாவது அவள் ஏறியிருக்கலாம்.

"ஆமையண்ணே, நீங்கள் எப்படியும் அக்கரைக்குப் போகிறவர்தானே?" மொறுக்.

"ஆமாம்."

"சும்மா போகிற முதுகுதானே? அதில் நான் உட்கார்ந்தால் உங்களுக்கு என்ன நட்டம்?" மொறுக்.

ஆமை யோசித்தது. ஆமை யோசிப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? அது யோசித்து முடிக்கும்வரை காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. நான் எடை குறைவு என்றாள். வால் நனைந்தால் உங்களைக் கேட்கமாட்டேன் என்றாள். எருமையே இறங்கி வந்தது, உங்களுக்கு என்ன என்றாள். அது திரும்பி வருவதற்கான கன்னம் என்று நாக்குக்குத் தெரியுமா? மொறுக், மொறுக், மொறுக்.

"மூன்றரை," என்றது ஆமை.

"மூன்றரையா? யார் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறீர்கள்?" மொறுக்.

மூன்று, இரண்டு என்று ஆமை மெல்ல இறங்கியது. மழைத்துளியும் இறங்கியது. காத்தாயி மட்டும் இறங்கி வரவில்லை.

கடைசியில் ஆமை பெருமூச்சு விட்டது. "உன்னோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. ஒன்றே ஒன்று கொடு. ஏறு."

நான்கை ஒன்றாக்கிவிட்டாள்! அந்த ஆற்றில் இப்படியொரு பேரத்தை யாரும் பேசியதில்லை.

காத்தாயி வலது கன்னத்தில் விரலை விட்டாள். இல்லை. இடது கன்னத்தில் துழாவினாள். கடலைத் தோல் வந்தது.

"அண்ணே, வரும்போது சேர்த்துத் தருகிறேனே..." இந்தத் தடவை எந்தச் சத்தமும் வரவில்லை.

"அப்படிச் சொல்லிவிட்டுப் போன குரங்குகள் அக்கரையில் நிறைய உண்டு," என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் ஓட்டைத் தட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். தலை வெளியே வரவில்லை. சற்று நேரத்தில் செம்மண் நிறத்தில் வெள்ளம் வந்து ஆமையையும் கொண்டுபோயிற்று. காத்தாயி கரைமேல் தாவி ஏறிக்கொண்டாள்.

அக்கரையில் மகள் எழுந்து நின்றாள். குட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள்.

"யார் ஜாடை?" என்று கத்தினாள் காத்தாயி. இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் வெள்ளத்தின் இரைச்சலில் மகளுக்கு எதுவும் கேட்கவில்லை.

காத்தாயி கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் குட்டி ஒரு கட்டைவிரல் அளவுதான் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

நீதி: மிச்சம் பிடிக்க ஆகும் செலவையும் செலவில் சேர்.