முதல் பக்கத்தைத் தாண்டியவர்

“முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, அம்மா” என்றார் மாசிலாமணி.

ஞானாம்பிகை அம்மையார் மடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாசிலாமணியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

“என்ன எழுதுகிறீர்கள், ஐயா?”

“என் மகள் பூங்கோதையின் கதையை. புயல் வெள்ளத்தில் அவள் போனபோது பேத்தி கைக்குழந்தை. அம்மா எப்படி இருப்பாள் என்று இப்போது கேட்கிறாள். சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.”

“அப்புறம்?”

“மகள் நடை பழகியதில் ஆரம்பித்தேன். நேற்று எழுதியது இன்றைக்குப் பிடிப்பதில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். ஒரு வருஷமாக அவள் நடை பழகிக்கொண்டே இருக்கிறாள்.”

அம்மையார் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்தார். மாசிலாமணியின் கண்களை இறுகக் கட்டினார். கையில் பென்சிலைக் கொடுத்தார்.

“எழுதுங்கள்.”

“எழுதுவது கண்ணுக்குத் தெரியாதே, அம்மா?”

“மகள் தெரிகிறாளா?”

அவர் எழுதத் தொடங்கினார்.

வரிமேல் வரி ஏறியது. எழுத்து கோணிக்கொண்டு போனது. மகள் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, அதுதான் ருசி என்று சாதிக்கவும் செய்தாள். நர்ஸ் வேலைக்குப் போன முதல் நாள், இரண்டு காலிலும் வேறு வேறு ஜோடிச் செருப்பு. இதையெல்லாம் அவர் மறந்தே போயிருந்தார்.

தினமும் காலையில் வந்தார். தானே கண்ணைக் கட்டிக்கொண்டார்.

ஒரு நாள் பென்சில் நின்றது.

“என்ன, ஐயா?”

“மழை பிடித்துவிட்டது, அம்மா.”

அம்மையார் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தைகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள்.” அவர் கை துண்டை நோக்கி எழுந்தது. “முதல் பக்கத்தில் இரண்டு வரி சரியில்லை. அதைச் சரிபார்த்துவிட்டு வருகிறேனே.”

“போங்கள். இங்கே அவள் தனியாக இருப்பாள்.”

துண்டை அவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது.

பிறகு முதுகை நிமிர்த்தினார். பென்சிலை அழுத்திப் பிடித்தார்.

எழுதினார். நுனி ஒடிந்தது. அம்மையார் வேறு பென்சிலைக் கையில் வைத்தார். துண்டு நனைந்து கன்னத்தில் ஒட்டியது. அதற்கும் நிறுத்தவில்லை. கடைசிக் குழந்தையை மாடிப்படியில் நின்றவரிடம் நீட்டிவிட்டு, அவள் திரும்பிப் பார்த்தது வரை எழுதினார். அதற்குப் பிறகு வந்ததையும் எழுதினார்.

பென்சிலைக் கீழே வைத்தார்.

“முடிந்தது, அம்மா.”

அம்மையார் முடிச்சை அவிழ்த்தார். தாள்களை அடுக்கி அவர் மடியில் வைத்தார்.

“பிழை நிறைய இருக்கிறது, ஐயா. இப்போது உட்கார்ந்து ஆசைதீரத் திருத்தலாம்.”

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதற்கு என்ன அவசரம், அம்மா? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.”