டீனுக்கு ஒரு நினைவுப் பரிசு

பல்கலைக்கழக வானியல் மன்றத்துக்கு ஜெனிபாதான் செயலாளர், பொருளாளர். பல கூட்டங்களில் பார்வையாளரும் அவளேதான். ஒருமுறை தப்பித் தவறி வந்த நாலு பேருக்குச் செவ்வாய்க் கிரகம் என்று அவள் காட்டியது, ஹாஸ்டல் தண்ணீர் டேங்கின் சிவப்பு விளக்கு.

ஆண்டு விழாவுக்கும் தொலைநோக்கிக்கும் நிதி கேட்டு, செலவுப் பட்டியலோடு டீன் சங்கரலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"தொலைநோக்கி எதுக்கும்மா? வானத்தைப் பார்க்க வெறுங்கண்ணு போதும்" என்று அதை அடித்துவிட்டார். விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் அவர்தான் என்பதால் பொன்னாடையையும் நினைவுப் பரிசையும் மட்டும் பேனா தொடவில்லை. "பரிசு கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்றார்.

பெரிதாகவே வாங்கினாள். விழா மேடையில் நினைவுப் பரிசாக ஒரு தொலைநோக்கியை நீட்டியதும் டீனுக்கு வாயெல்லாம் பல். அடுத்து நன்றியுரை சொல்ல ஜெனிபா மைக்கைப் பிடித்தாள்.

"தனக்குக் கிடைத்த பரிசை அப்படியே எங்கள் மன்றத்துக்கு வழங்கும் டீன் அவர்களின் பெரிய மனதுக்கு நன்றி."

கைதட்டல் அடங்கவில்லை. டீன் வேறு வழியில்லாமல் எழுந்து கும்பிட்டார்.

மேடையை விட்டு இறங்கும்போது, "வீட்டு மாடியில வச்சுப் பார்க்கலாம்னு இருந்தேனேம்மா" என்று முனகினார்.

"உங்களுக்கு வெறுங்கண்ணே போதும் சார். டேங்க் லைட்டைச் செவ்வாய்னு காட்டுற எனக்குத்தான் இது வேணும்."