கட்டியம் சொன்ன குழம்பு

வெகுகாலத்துக்கு முன்னே கருவேல நாட்டைத் திடவீரன் என்றொரு ராஜா ஆண்டான். எதிரியின் வாளுக்கு அஞ்சாதவன், தன் நாக்குக்கு மட்டும் அடிமை. அவன் அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜா சாப்பாட்டில் கைவைக்குமுன், ஒவ்வொரு பதார்த்தத்தையும் அவைப்புலவர் அம்பலவாணர் புகழ்ந்து கட்டியம் கூற வேண்டும்.

இந்த அம்பலவாணருக்குச் சமையற்காரி பேச்சாயியைக் கண்டால் ஆகாது. அவள் இடத்தில் தன் மைத்துனனை அமர்த்த ஆசை. குறை சொன்னால் ராஜா நம்பமாட்டான் என்று தெரிந்த மனுஷன், அளவில்லாமல் புகழ ஆரம்பித்தார். சுண்டைக்காய்க் குழம்பை அமிர்தம் என்றார். இந்திரனே இதற்கு இலை போட்டுக் காத்திருக்கிறான் என்றார். ராஜா வாயூற எடுத்து வைப்பான், முகம் சுருங்கிப்போகும். நல்ல குழம்புதான், ஆனால் குழம்புதானே! மூன்றாம் நாள் இலையைத் தள்ளிவிட்டான்.

"நாளையும் இப்படியிருந்தால் இவள் வலது கையை வெட்டுங்கள்."

கை போனால் பேச்சாயிக்குப் பிழைப்பே போச்சு. ராஜாவிடம் ஒன்று கேட்டாள். நாளை இரண்டு கிண்ணம் குழம்பு வரும், ஒன்றுக்குப் புலவரும் மற்றதுக்கு அவளும் கட்டியம் சொல்ல வேண்டும். ராஜா சம்மதித்தான்.

மறுநாள், அரிவாளோடு நின்ற காவலனே இரண்டு கிண்ணங்களிலும் குழம்பை மொண்டு வந்து வைத்தான். அம்பலவாணர் முதல் கிண்ணத்தை வானளாவப் புகழ்ந்தார். ராஜா வாயில் வைத்தான், முகம் கறுத்தது. காவலனின் பிடி அரிவாளில் இறுகியது.

பேச்சாயி மற்ற கிண்ணத்தை முன்னே நகர்த்தினாள். "ராஜா, ரெண்டாவது கிண்ணம் பாழாப்போச்சு. அடிப்பிடிச்சு, உப்பும் கரிக்குது. மோரை வச்சுச் சமாளிச்சுக்குங்க."

அம்பலவாணருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்தான். மறுபடி தொட்டான். பிறகு சோற்றில் கொட்டிப் பிசைந்தான், கிண்ணத்தையும் வழித்தான்.

"இதுவா பாழ்? முதல் கிண்ணத்தை ஏன் இந்த மாதிரி வைக்கவில்லை?"

"ரெண்டும் ஒரே சட்டிதான் மகாராஜா, மொண்ட காவலரையே கேளுங்க. நான் வைக்கிறது குழம்பு. ஐயா பரிமாறுறது அமிர்தம். அமிர்தத்தைத் தேடினா குழம்பு எப்படி ருசிக்கும்?"

காவலன் ஆமென்று தலையாட்டினான். ராஜா அம்பலவாணரை முறைத்தான். அப்புறம் தன் தங்கக் காப்பைக் கழற்றிப் பேச்சாயியின் வலது கையில் போட்டான்.

புலவருக்கு அடியுமில்லை, சிறையுமில்லை. இனி அவர் வாய் திறக்கும்போதெல்லாம் காவலன் அவருக்கும் கட்டியம் கூற வேண்டும், அவ்வளவுதான் தண்டனை.

மறுநாள் அவையில் அவருக்குத் தாகமெடுத்தது. வாய் திறந்தார். "உலகம் காணாத பேரறிவு பேசப்போகிறது!" என்று காவலன் முழங்கினான். அவையே எழுந்து காதைத் தீட்டிக்கொண்டது.

"கொஞ்சம் தண்ணீர்," என்றார் அம்பலவாணர்.

ராஜா முகத்தைச் சுளித்தான். "இவ்வளவுதானா?"