தட்டுக்காரியின் கறுப்புக் கண்கள்

ஆறு தவிட்டுக்குருவிகள் தட்டைச் சுற்றி நின்று அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தன. ஏழாவது குருவியான நொச்சி, முருங்கை மரத்தின் உச்சிக் கொம்பில் அமர்ந்து, வெறும் வயிற்றோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது காட்டோரத்து வீடு ஒன்றின் பின்தோட்டம். பங்கயம் என்ற பெண்மணி அங்கே தனியாக வசித்தாள். காலைதோறும் உதிர்த்த இட்லியையும் ஊறவைத்த கம்பையும் எவர்சில்வர் தட்டில் பரப்புவாள். கரண்டியால் அதன் விளிம்பை 'டிங், டிங்' என்று தட்டுவாள். பிறகு உள்ளே போய்ச் சன்னலருகே அமர்ந்து, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொள்வாள். பறவைகளுக்குத் தொலைநோக்கி ஏது? அவளுக்கு இரண்டு பெரிய கறுப்புக் கண்கள் இருப்பதாகவே அவை எண்ணின. தட்டுக்காரி என்று அவளுக்குப் பெயரும் வைத்தன.

தவிட்டுக்குருவிகளுக்குக் குலவழக்கம் ஒன்று உண்டு. கூட்டம் தரையில் மேயும்போது, ஒரு குருவி உயரே காவல் இருக்கும். சற்று நேரத்தில், வயிறு நிறைந்த இன்னொன்று மேலே வந்து "இறங்கு!" என்று சொல்லும். காவல் மாறும். காட்டில் இந்த வழக்கம் பழுதில்லாமல் நடந்தது. அங்கே சருகைக் கிளறினால் கடைசியாக வருபவருக்கும் ஒரு புழு மிஞ்சும். தட்டில் எதுவும் மிஞ்சாது. அதனால் தட்டை விட்டு மேலே வர எவருக்கும் மனம் வரவில்லை.

நொச்சியின் கவலை தன் வயிற்றைப் பற்றியது மட்டுமன்று. செம்பருத்திப் புதருக்குள் அதன் குஞ்சு மொட்டைவால் காத்திருந்தது. கூட்டை விட்டு இறங்கி விட்டது. வால் இன்னும் முளைக்கவில்லை. குதிப்பதையே பறப்பதாக நினைத்துக்கொள்ளும் பருவம். அதற்கு நேற்றும் அரை வயிறுதான்.

"சலம்பியக்கா! காவல் மாற ஆள் அனுப்பு!" என்று நொச்சி கூவியது.

"இதோ, வந்துகொண்டே இருக்கிறோம் தங்கச்சி!" என்றது சலம்பி, வாய் நிறைய இட்லியோடு.

சலம்பிதான் கூட்டத்தின் தலைவி. வருவதாகச் சொல்லிற்றே ஒழிய, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அந்த நேரத்தில் வேப்பமரத்தின் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிழல் சரிந்து வந்தது.

"வல்லூறு! வல்லூறு!" என்று நொச்சி அலறியது.

கண் மூடித் திறப்பதற்குள் ஆறு குருவிகளும் புதருக்குள் பாய்ந்தன. அவற்றோடு தின்றுகொண்டிருந்த அணிலும் சுவர்ப் பொந்துக்குள் ஓடிற்று. வல்லூறு இரை சிக்காமல் மதில்மேல் அமர்ந்தது. அதற்குக் கோபமே வரவில்லை. நிதானமாகத் தலையைத் திருப்பி நொச்சியைப் பார்த்தது.

"நல்ல கண் உனக்கு! இந்தக் கண்ணுக்கு உன் கூட்டம் என்ன தருகிறது?"

"கண்ணை விற்றுத் தின்னும் குலமில்லை எங்களுடையது! போய்விடு!"

"போகிறேன், போகிறேன். போவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். தட்டில் உன் பங்கு எங்கே?"

நொச்சி தட்டைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தது. தட்டு துடைத்து வைத்தாற்போல் பளபளத்தது.

"ஊருக்குக் காவல், உனக்குப் பட்டினி! நடக்கட்டும், நடக்கட்டும். எனக்கு அவசரமில்லை," என்று சொல்லிவிட்டு வல்லூறு பறந்து போயிற்று. அன்று அதன் நகம் எவர்மீதும் படவில்லை. பேச்சு மட்டும் பட வேண்டிய இடத்தில் பட்டது.

நொச்சி மரத்திலிருந்து இறங்கி, நேராகச் சலம்பியின் முன்னால் போய் நின்றது.

"என் பங்கு எங்கே அக்கா?"

"காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது!" என்றது கூட்டத்தில் ஒன்று. மற்றவை சிரித்தன.

"என் குஞ்சின் பங்கையுமா?"

"நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்," என்றது சலம்பி. "இன்றைக்கு இட்லி கொஞ்சம் பூப்போல அமைந்துவிட்டது. நான் என்ன செய்ய?"

"நாளைக்கு நீ மேலே ஏறு!"

"நானா? உயரத்துக்குப் போனால் எனக்குத் தலைசுற்றுமே!"

"பறவைக்கா தலைசுற்றுகிறது? வெட்கமாக இல்லை உனக்கு?"

பொந்திலிருந்து அணில் தலையை நீட்டியது. எல்லாக் குருவிகளும் அதை மாமா என்றே அழைத்தன. அழைப்பவர் வீட்டு வழக்கில் நுழைவது மாமாவின் வழக்கம்.

"எதற்கடி இந்தச் சண்டை? காவலே எதற்கு என்று கேட்கிறேன்! அதோ பாருங்கள் தட்டுக்காரியை. எவ்வளவு பெரிய கண்கள்! இமைக்கிறதா? நம்மை விட்டு நகர்கிறதா? உங்கள் ஏழு பேர் கண்ணையும் உருட்டிச் சேர்த்தாலும் அதில் கால்வாசி தேறாது. சோறு போடுகிறவள் சாகவா விடுவாள்?"

அணிலின் அக்கறைக்குக் காரணம் இருந்தது. நொச்சி அலறும்போதெல்லாம் அதுவும் பாதிச் சாப்பாட்டில் ஓட வேண்டியிருந்தது.

"மாமா சொல்வது நியாயம்தானே!" என்றது சலம்பி.

அப்போது ஊமைச்சி வாய் திறந்தது. தவிட்டுக்குருவியாகப் பிறந்தும் அதிகம் பேசாததால் வந்த பெயர் அது. "வல்லூறு வந்தபோது தட்டுக்காரி ஒரு சத்தமாவது போட்டாளா?"

"என்றைக்கோ ஒருநாள் வாயைத் திறக்கிறாய். அதையும் அபசகுனமாகத்தான் திறக்க வேண்டுமா?" என்று சலம்பி அதட்டியது. "காவல் இருந்தவள் நொச்சி. நொச்சியே சொல்லட்டும்!"

எல்லாக் கண்களும் நொச்சியின்மேல் விழுந்தன. ஊமைச்சி கேட்டது சரியான கேள்வி என்று நொச்சிக்குத் தெரிந்தது. சன்னல் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்பதை நொச்சியைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் வயிறு எரிந்தது. சிரித்த அலகுகளில் இட்லித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வல்லூற்றின் பேச்சு காதுக்குள் இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

"நீங்கள் தின்பீர்கள், நான் வானத்தை எண்ணுவேனா? இனிமேல் காவலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! தட்டுக்காரியே பார்க்கட்டும்!"

சில நாட்கள் கழிந்தன. தீங்கு ஒன்றும் நேரவில்லை. தாம் செய்தது சரியே என்பதற்கு மூடர்கள் காட்டும் சான்று எப்போதும் இதுதான்: இதுவரை ஒன்றும் நேரவில்லை!

நொச்சி வயிறாரத் தின்றது. குஞ்சுக்கும் ஊட்டியது. ஆனால் பழகிய கழுத்து சொன்னபடி கேட்கவில்லை. ஒரு கொத்துக்கு ஒருமுறை தானாக மேலே நிமிர்ந்தது.

"கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறதடி!" என்று சலம்பி கேலி செய்தது. "அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்!"

ஆம், அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு காலையில் தட்டு ஒலித்தது. ஏழு குருவிகளும் இறங்கின. மொட்டைவாலும் தத்தித் தத்தி வந்து, முதல்முறையாகத் தட்டின் விளிம்பில் தானே ஏறி நின்றது.

"அம்மா! நானே கொத்துகிறேன் பார்!"

நொச்சி சிரித்தது. உடனே அதன் கழுத்து நிமிர்ந்தது. வானத்தில் ஒன்றுமில்லை. மதில்மேல் ஒன்றுமில்லை. மாமரத்தின் இலை அடர்த்திக்குள் எதுவும் தெரியவில்லை. கடைசியாகச் சன்னலைப் பார்த்தது.

கறுப்புக் கண்கள் தட்டின்மேல் இல்லை.

அவை குருவிகளின் தலைக்குமேலே, மாமரத்தின் பக்கம் நிமிர்ந்து நின்றன. தட்டுக்காரியின் வாய் வியப்பில் சற்றே திறந்திருந்தது. கதவைத் திறக்கவோ கையைத் தட்டவோ அவள் எழவில்லை. ஓசை எழுப்பிவிடாமல் பக்கத்தில் எதையோ துழாவினாள். கைக்கு அகப்பட்டது கேமரா.

அவள் பார்த்துவிட்டாள்! எப்போதோ பார்த்துவிட்டாள்! பார்த்தும் வாய் திறக்கமாட்டாள்!

"ஓடுங்கள்! மாமரத்தில் வல்லூறு!"

மாவிலைகள் பிளந்தன. ஆறு குருவிகள் புதருக்குள் விழுந்தன. அணில் தாவிய இடம் தெரியவில்லை. மொட்டைவால் மட்டும் பறப்பதாக நினைத்துக் குதித்தது. குதித்த இடத்தில் வல்லூற்றின் கால் இறங்கியது.

"அம்மா!"

நொச்சி தன் உடம்பையே கல்லாக எறிந்தாற்போல் வல்லூற்றின் முதுகில் மோதியது. வல்லூறு சிறகை விரித்து, பிடியை இறுக்கியது.

"எனக்கு அவசரமில்லை என்று அன்றைக்கே சொன்னேனே!"

"அக்கா! வெளியே வாருங்கள்! எல்லோரும் வாருங்கள்!" என்று நொச்சி புதரைப் பார்த்துக் கதறியது.

"காவல் வேண்டாம் என்றவள் நீதானே!" என்று இலைகளுக்குள்ளிருந்து ஒரு நடுங்கும் குரல் வந்தது.

நொச்சி சன்னலைப் பார்த்துக் கதறியது. "தட்டுக்காரி! கதவைத் திற! ஒரு கைதட்டு போதும்! ஒரே ஒரு கைதட்டு!"

சன்னலிலிருந்து 'சடக், சடக்' என்று கேமராவின் ஒலி மட்டும் வந்தது. கதவு திறக்கவில்லை.

செம்பருத்திப் புதர் குலுங்கிற்று. சலம்பி வெளியே வந்தது. தின்று தின்று பருத்த உடம்பு; பறக்கையில் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆனால் நேராக வல்லூற்றின் முகத்துக்கே வந்தது.

"விடுடா எங்கள் பிள்ளையை!"

சலம்பியின் அலகு வல்லூற்றின் கண்ணோரத்தைக் கிழித்தது. தலைவி போனபின் கூட்டம் பதுங்கியிருக்குமா? ஊமைச்சி வந்தது. மற்றவையும் வந்தன. கூச்சலும் சிறகும் அலகுமாகச் சூழ்ந்துகொண்டன. வல்லூறு தடுமாறிக் காலைத் தளர்த்தியது. மொட்டைவால் உருண்டு புதரடியில் போய் விழுந்தது.

தளர்ந்த கால் வெறுமையாகத் திரும்பவில்லை. எட்டியதைப் பற்றியது. எட்டியது சலம்பியின் கழுத்து.

வல்லூறு தாழப் பறந்து மதிலைக் கடந்தது. குருவிகள் கத்திக்கொண்டே வேப்பமரம்வரை துரத்தின. அதற்குமேல் துரத்துவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தோட்டம் அடங்கியது. சன்னலுக்குள்ளிருந்து பங்கயத்தின் குரல் கேட்டது. தொலைபேசியில் எவரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், சொன்னா நம்பமாட்டே! என் தோட்டத்துலயே வல்லூறு! கழுத்தைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறது அப்படியே படத்துல விழுந்திருக்கு! ஆமா, பாவம்தான், ஆமா. ஆனா என்ன ஒரு படம் தெரியுமா!"

அவள் கொடியவள் அல்லள். மறுநாளும் இட்லி உதிர்த்தாள். ஒரு பிடி கூடுதலாகவே உதிர்த்தாள். தட்டின் விளிம்பைத் தட்டிவிட்டுச் சன்னலுக்குப் போனாள்.

குருவிகள் புதரைவிட்டு வெளிவரவில்லை.

"ஆறிப்போகிறதே! யாரும் வரவில்லையா?" என்றது அணில், பொந்துக்குள்ளிருந்தே.

"யார் மேலே ஏறுவது?" என்று ஊமைச்சி கேட்டது.

ஒவ்வொன்றும் தன் காலைப் பார்த்துக்கொண்டது.

"நான் ஏறுகிறேன்," என்றது நொச்சி. அதன் பக்கத்தில் மொட்டைவால் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நின்றது. "வேண்டாம் என்று சொன்ன வாய் என்னுடையது."

"ஏறலாம். முதலில் தின்னு," என்றது ஊமைச்சி.

"காவல் மாறியபின் தின்கிறேன்."

"மாறியபின் தின்றவர் யார் இதுவரை? பசித்த காவலுக்கு வல்லூறு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பார்த்துவிட்டோமே! இறங்கு. நீயும் தின்னு, பிள்ளைக்கும் கொடு. அதுவரை நாங்கள் பார்க்கிறோம்."

நொச்சி தட்டில் இறங்கியது. தின்றது, குஞ்சுக்கும் ஊட்டியது. மற்ற ஐந்தும் சுற்றி நின்று, ஒரு பருக்கையைக்கூடத் தொடாமல், ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்த்தன. வயிறு நிறைந்ததும் நொச்சி உச்சிக் கொம்புக்குப் பறந்து சென்று, "இப்போது தின்னுங்கள்!" என்று குரல் கொடுத்தது.

காவல் நிற்பவருக்கு முதல் கவளத்தைக் கொடுக்காத கூட்டம், வேடிக்கை பார்ப்பவரைக் காவலர் என்று நம்பி அழியும்.