உழவாரன் ஏன் தரையில் இறங்குவதில்லை

பறவை பேசினால் மனிதனுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், இத்தாலி தேசத்தில், ஒரு குன்றின் உச்சியில் மோந்தசெர்ரா என்ற சிற்றூர் இருந்தது. ஊரைச் சுற்றி மதில். மதிலுக்குள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் கல்வீடுகள். எந்தத் தெருவில் நடந்தாலும் ஒன்று ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். சமதரை என்று சொல்ல ஊர் நடுவில் கல் பாவிய சதுக்கம் ஒன்றுதான். மாலையில் வெயில் தாழ்ந்ததும் ஊரே அங்கே வந்துவிடும். வேலை என்று எதுவும் இருக்காது. கைகோத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பார்கள், திரும்புவார்கள், மறுபடி நடப்பார்கள். யார் வீட்டில் என்ன சமையல், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

அவர்களுடைய கால்களுக்கிடையே உழவாரன் குருவிகள் ஓடித் திரிந்தன. கரிய உடல், அரிவாள் போல வளைந்த நீண்ட சிறகு. இப்போது இருக்கிற அதே குருவிதான். ஆனால் அப்போது அதற்கு மைனாவைப் போல உறுதியான கால்கள் இருந்தன. சிறகு இருந்தும் அது அதிகம் பறக்காது. வாசல் படிக்கட்டுகளின் அடியில் கூடு கட்டும். ரொட்டித் துணுக்கும் எறும்பும் பொறுக்கித் தின்னும்.

அப்படி ஒரு குருவி, நெரெல்லா என்று பெயர், தெஸ்ஸா என்பவள் வீட்டுப் படிக்கடியில் குடியிருந்தது. தெஸ்ஸாவின் கணவன் பெரோ கொத்தனார். சதுக்கத்தின் ஓரத்தில் ஊர் மணிக்கூண்டைக் கட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். தெஸ்ஸாவுக்கு அப்போது எட்டாம் மாதம். படியில் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போது பாதியைக் குருவிக்குப் பிய்த்துப் போடுவாள்.

"உன் பிள்ளைக்கும் கொஞ்சம் மிச்சம் வை," என்று நெரெல்லா சொல்லும்.

"அது வந்ததும் உன் வாலைப் பிடித்து இழுக்கப் போகிறது. அதற்கு முன்கூட்டியே லஞ்சம் இது," என்று தெஸ்ஸா சிரிப்பாள்.

சதுக்கத்தின் அடியில் ஊருக்கான மழைநீர்த் தொட்டி இருந்தது. முன்னோர் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்து, பாறையைக் குடைந்து வெட்டிய தொட்டி. எல்லாக் கூரைகளிலும் விழும் மழை அதில் போய்ச் சேரும். எல்லாரும் செப்புக் குடத்தைக் கொண்டுவந்து மொண்டு போவார்கள். அதற்கு யாரும் யாரையும் கேட்டதில்லை.

அந்த வருடம் வசந்தத்தில் மழை பெய்யவில்லை. உபால்தோ என்பவன் அப்போது ஊர்த் தலைவனாக இருந்தான். அவன் ஒருநாள் தொட்டியின் வாய்க்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினான். ஊரைக் கூட்டிச் சொன்னான்:

"வறட்சி வருகிறது. நீங்கள் பாட்டுக்கு மொண்டுகொண்டே போனால் ஆவணியில் நாக்கைத் தொங்கப்போட வேண்டியதுதான். இது உங்கள் நல்லதுக்காக. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு குடம். மற்ற நாளில் ஓடைக்குப் போங்கள்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நல்லதுக்காக என்று சொல்லிப் பூட்டினால் யாருக்குத்தான் எதிர்த்துப் பேச வாய் வரும்? எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஓடை மலையடிவாரத்தில் இருந்தது. இறங்க ஒரு நாழிகை, நிறைகுடத்தோடு ஏற மூன்று நாழிகை. பெண்கள் விடியலில் போய் வெயிலில் திரும்பினார்கள். பெரோ தான் போவதாகச் சொன்னான். மணிக்கூண்டு வேலையை ஒரு நாள் விட்டாலும் வேறு கொத்தனாரை வைப்பேன் என்று உபால்தோ ஆள் அனுப்பினான். ஆகவே தெஸ்ஸாவே போனாள். பத்தாவது நாள், மதில் வாசலுக்குக் கீழே, தேய்ந்த ஒரு படியில் அவள் கால் வழுக்கியது. குடம் படிப்படியாக உருண்டு போகிற சத்தத்தை ஊரே கேட்டது.

தெஸ்ஸா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் படியில் வந்து உட்காரவில்லை. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெரெல்லா வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, இரை தேடிச் சதுக்கத்துக்குப் போனது. உச்சிவேளை. அந்த ஊர்களில் மதியச் சாப்பாடு முடிந்தால் ஜன்னல் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு ஊரே உறங்கும். தெருவில் பூனைகூட இருக்காது.

ஆனால் தொட்டி மூடி திறந்திருந்தது. உபால்தோவின் வேலையாட்கள் நான்கு பேர் வாளி வாளியாக இறைத்து, பின்தெரு வழியாகக் கொண்டுபோனார்கள். நெரெல்லா சத்தம் காட்டாமல் பின்னாலேயே ஓடியது. உபால்தோ வீட்டு மதிலின் மேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது.

உள்ளே நூறு எலுமிச்சை மரங்கள் பெரிய மண்தொட்டிகளில் வரிசையாக நின்றன. இலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நடுவே சலவைக்கல் குளம். குளத்தில் செந்நிற மீன்கள் நீந்தின. உபால்தோ குளக்கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தான்.

நெரெல்லா வீடு வரை ஓடியே வந்தது. தெஸ்ஸாவின் தலைமாட்டில் நின்று, பார்த்ததை அப்படியே சொன்னது. மீன் என்ற சொல்லைக் கேட்டதும் தெஸ்ஸா எழுந்து உட்கார்ந்தாள்.

"மீனா?"

"மீன்தான். கொழுத்த மீன்."

அன்று மாலை எல்லாரும் நடந்துகொண்டிருந்தபோது தெஸ்ஸா சதுக்கத்தின் நடுவில் வந்து நின்றாள். பிள்ளை போனபின் அவள் வெளியே வந்தது அன்றுதான். நடை தானாக நின்றது.

"நாம் மலையேறிச் சாகிறோம். இவர் எலுமிச்சைக்கு நம் தண்ணீரை ஊற்றுகிறார்," என்று அவள் உபால்தோவைக் காட்டிச் சொன்னாள்.

உபால்தோவுக்குக் கோபம்கூட வரவில்லை. "பாவம், பிள்ளை போன துக்கம், ஏதோ பேசுகிறாள். யாரம்மா பார்த்தது?"

"நான் பார்த்தேன்," என்றது நெரெல்லா, அவன் காலடியிலிருந்து.

"குருவியா?" என்று அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "இந்தச் சதுக்கத்துக்குக் கல் பாவியவர் என் தாத்தா. இந்தக் கல்லின் மேல் நிற்கிறவர்கள் நான் ஒப்புகிற பேச்சைத்தான் பேச வேண்டும். அது பிடிக்காதவர்கள் இதன் மேல் நிற்க வேண்டாம். ஊரைவிட்டுப் போகலாம். குருவிக்கும் அதுதான், மனிதருக்கும் அதுதான்."

அவன் தாத்தா ஒரு கல்லைக்கூடத் தூக்கியவரில்லை. பாவியது ஊரார். அது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நெரெல்லா சுற்றிலும் பார்த்தது. "ரொட்டிக்கடை கியாந்தோ ஐயா, தண்ணீர் இல்லாமல் பாதி மாவைத்தான் பிசைகிறேன் என்று நேற்று அழுதீர்களே, சொல்லுங்கள்."

கியாந்தோ தன் செருப்பைப் பார்த்தார்.

"பெரோ, நீ சொல். உன் பிள்ளை."

பெரோ கையில் கொத்துக்கரண்டி இருந்தது. அதன் விளிம்பில் காய்ந்திருந்த சாந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். தெஸ்ஸா அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

"சரி," என்றது நெரெல்லா. "உண்மை பேசினால் நிற்கக்கூடாத தரை எனக்கு எதற்கு? இந்த மனிதர் இதே இடத்தில் நின்று, நான்தான் எடுத்தேன் என்று தன் வாயால் சொல்லட்டும். அதுவரை நானும் என் வம்சமும் தரையில் கால் வைக்க மாட்டோம்."

சொல்லிவிட்டு எழும்பியது. அதுவரை கூரை உயரத்துக்கு மேல் பறந்தறியாத குருவி, மணிக்கூண்டின் உயரத்துக்குப் போய் அதைச் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே, "திருடினான்! திருடினான்!" என்று கத்தியது.

முதல் நாள் சிலர் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஊரிலிருந்த உழவாரன்கள் எல்லாம் படிக்கட்டுகளின் அடியிலிருந்து கிளம்பி அதோடு சேர்ந்துகொண்டன. நூறு குரல். கைகோத்து நடக்க வந்தவர்களால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை. பேசாமல் நடந்தார்கள். பிறகு நடக்கவும் கூசியது.

உபால்தோவின் ஆட்கள் நீண்ட கழிகளோடு கூரைகளின் மேல் ஏறி, குருவிகளை எங்கும் உட்காரவிடாமல் விரட்டினார்கள். மூன்றாம் நாள் நெரெல்லாவின் சிறகு தொய்ந்தது. அது ஒதுங்குவதற்கு ஒரே இடம்தான் மிச்சம். சாரம் கட்டும்போது கட்டை செருகுவதற்காக மணிக்கூண்டுச் சுவரில் விட்ட சதுரப் பொந்துகளில் காலியாக இருந்தவை. சாரத்தைப் பிரிக்கும்போது அவற்றை அடைத்துவிடுவது வழக்கம். உபால்தோவின் கண்ணிலும் அவை பட்டன.

"இன்றைக்கே எல்லாப் பொந்தையும் அடை," என்று பெரோவுக்கு உத்தரவு போட்டான். "களைத்து விழுந்தால் தானாகத் தரைக்கு வரும்."

பெரோ சாந்துச் சட்டியோடு மேலே ஏறினான். கீழே ஊர் நின்று பார்த்தது. தெஸ்ஸாவும் நின்றாள். பெரோ கரண்டியில் சாந்தை எடுத்து முதல் பொந்தின் முன் நீட்டினான். அப்போது நெரெல்லா அவன் முகத்துக்கு நேராகத் தள்ளாடி வந்தது. கத்த அதற்குக் குரல் இல்லை. அலகு மட்டும் திறந்து திறந்து மூடியது.

பெரோ கரண்டியைத் தாழ்த்தினான்.

"உள்ளே போ," என்றான்.

"தரை தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்," என்று அது கிசுகிசுத்தது.

"இது தரை இல்லை. சுவர். நான் கட்டிய சுவர். அவன் தாத்தா கட்டியதில்லை. போய்ப் படு."

குருவி உள்ளே போனது. பெரோ சாந்துச் சட்டியைச் சாரத்தின் மேலிருந்து கவிழ்த்தான். அது சதுக்கத்தின் கற்களில் விழுந்து தெறித்தது. உபால்தோவின் வெள்ளைக் காலுறையிலும் தெறித்தது.

"இந்தச் சாந்தைக் குழைக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று பெரோ மேலிருந்து கத்தினான். "தொட்டியிலிருந்து! கல்லுக்கு இருந்தது, மீனுக்கு இருந்தது, என் பெண்டாட்டிக்கு மட்டும் இல்லையா?"

அவன் சுத்தியலோடு இறங்கி வந்தான். நேராகத் தொட்டி மூடிக்குப் போனான். முதல் அடியில் பூட்டு நெளிந்தது. கியாந்தோ ஓடிவந்து கடப்பாரை கொடுத்தார். தெஸ்ஸா இருவர் கையையும் விலக்கிவிட்டுக் கடப்பாரையை வாங்கினாள். பூட்டை உடைத்தவள் அவள்தான். எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முக்கால் தொட்டி காலி. அவர்கள் நாக்கு வறண்டு மிச்சம் பிடித்ததெல்லாம் எலுமிச்சைக்குப் போயிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது உபால்தோ இல்லை. கீழ்வாசல் வழியாகக் குதிரையில் போய்விட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறோர் ஊரில் போய் மரியாதையாகவே வாழ்ந்தான், மரியாதையாகவே செத்தான். கல்லறையில் அவனை நீதிமான் என்று செதுக்கினார்கள்.

மறுநாள் தெஸ்ஸா படியில் வந்து உட்கார்ந்தாள். பெரோ சற்றுத் தள்ளி நின்றான். அவள் நகர்ந்து இடம் விடவில்லை. அவனைப் போகச் சொல்லவும் இல்லை. ரொட்டியைப் பிய்த்து, மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"நெரெல்லா, தொட்டி திறந்தாயிற்று. அவனும் தொலைந்தான். இறங்கி வா."

"சொன்னானா?" என்றது குருவி பறந்தபடியே.

"சொல்லவில்லை. ஓடிவிட்டான்."

"அப்படியானால் வர மாட்டேன்."

தெஸ்ஸா கெஞ்சினாள். ஊரே கெஞ்சியது. கியாந்தோ வெள்ளை ரொட்டியைக் கூரை மேல் வைத்துப் பார்த்தார். குருவி இறங்கவில்லை. பறந்துகொண்டே பூச்சியைப் பிடித்துத் தின்றது, பறந்துகொண்டே உறங்கவும் பழகியது. குஞ்சு பொரிக்க மட்டும் பெரோ அடைக்காமல் விட்ட பொந்துக்குப் போனது. அதன் குஞ்சுகளும் அப்படியே. தரை தொடாத கால்கள் தலைமுறைக்குத் தலைமுறை குறுகின. திரும்பத் திரும்பக் கத்திய அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து "ரீஈஈ" என்ற ஒலி மட்டும் நின்றது.

அந்தக் கோடை முதல்தான் அந்த நாட்டு மலையூர்களில் கொத்தனார்கள் கோபுரச் சுவரின் பொந்துகளை அடைக்காமல் விடுகிறார்கள். அந்தக் கோடை முதல்தான் உழவாரன் தரையில் கால் வைப்பதில்லை, மாலை நடைக்கு ஊர் கூடுகிற நேரம் பார்த்துக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது.